ஓட்டுநருக்கு ஒரு ஜன்னல் ஓரம்

பஸ் டெப்போவில் யார் எந்த வண்டியை எப்போது எடுக்க வேண்டும் என்று டூட்டி சார்ட் போடுகிற வேலை இருக்கிறதே, அது வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே உண்டாக்கப்பட்ட வேலை. நல்ல ஷிப்ட் கிடைத்தவன் தன் அதிர்ஷ்டம் என்பான். கெட்ட ஷிப்ட் கிடைத்தவன் சார்ட் போட்டவரைத் திட்டுவான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைப் பிய்த்துக்கொண்டு மாற்றல் வாங்கி ஓடிய பிறகு, வந்து உட்கார்ந்தவர்தான் சார்ட்டம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. டெப்போ வாசலில் நிற்கும் காவலாளியிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருடைய அறைக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. அந்தத் திறப்பு வழியாகத்தான் டெப்போவின் அத்தனை காய்ச்சலும், கால்வலியும், சொந்தக்காரர் கல்யாணமும் உள்ளே வரும். சார்ட்டம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். மாமியாருக்கு நெஞ்சுவலி என்று லீவு கேட்டு வந்த ஒரு டிரைவரிடம், "உங்க மாமியாரை இந்த வருஷம் நிறைய தடவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டீங்க, பாவம், கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்" என்று சொன்னது இன்றைக்கும் டெப்போவில் ஓடுகிற கதை. அந்த ஆளே சிரித்துவிட்டு வண்டி எடுக்கப் போனார். யாரையும் நோகடிக்காமல் மறுக்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்காது.

அவருக்குப் பயம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய கணவரும் அதே டெப்போவில் டிரைவர். ஹாரனையும் அடிக்க மாட்டார், வாயையும் திறக்க மாட்டார் என்பதால் அவருக்கு ஊமை ஹாரன் என்று பெயர். புருஷனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று நாக்கின்மேல் பல்லைப் போட்டு ஒருத்தர் பேசிவிடக் கூடாதே என்று, சார்ட்டம்மா ஒரு வழி வைத்திருந்தார். விடியுமுன் கிளம்புகிற முதல் வண்டியா, ஊமை ஹாரன். ஊரே உறங்கிய பிறகு வருகிற கடைசி வண்டியா, ஊமை ஹாரன். யாருக்காவது திடீரென்று லீவு வேண்டுமா, அந்த இடத்திலும் அவர்தான். அவரும் மறுபேச்சு பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு போவார். அதனால் சார்ட்டம்மாவின் நேர்மைக்கு டெப்போ முழுவதும் நல்ல பெயர்.

இந்த நிலையில்தான் சுற்றுலாப் பேச்சு எழுந்தது. பள்ளிக்கூடங்கள் மூடி, பாதி வண்டிகள் ஷெட்டில் நிற்கிற மாதம் அது. ஆரம்பித்து வைத்தவர் ரேடியோ. கண்டக்டர், பேச ஆரம்பித்தால் அணைக்கிற பொத்தான் கிடையாது. எல்லோரும் சேர்ந்து இரண்டு நாள் பெருநகரத்துக்குப் போய், ராட்டினம் ஏறி, பாட்டுக்கு ஆடுகிற நீரூற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். கேஷியர் அக்கா உடனே கட்சி சேர்ந்துகொண்டார். அவருக்கு அங்கே உள்ள ஒரு மாலில் தொலைந்து போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

மெக்கானிக் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தவர் அவர். நகரத்துக்கு அப்பால் பாலைவனம் இருக்கிறது, போனால் அங்கேதான் போக வேண்டும், தலைக்குமேல் வானத்தைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் ஒரு தடவை படுக்க வேண்டும் என்றார். இதற்கும் ஆதரவு சேர்ந்தது. மறுநாளே டெப்போ இரண்டாகப் பிரிந்துவிட்டது. மணல் கட்சிக்காரர் நகரக் கட்சிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுப்பதை நிறுத்தினார். கடைசியில் இரண்டு கட்சியும் வந்து நின்ற இடம் கண்ணாடித் தடுப்புதான்.

சார்ட்டம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா. அந்தப் பெருநகரத்தில் வேலை பார்க்கும் பழைய டிரைவர் ஒருவருக்குப் போன் போட்டு, எங்கே எப்போது கூட்டம் குறையும், மணலில் எந்த நேரம் கால் வைக்க முடியும், ஜீப்காரர்களில் யார் முறையாக ஓட்டுவார்கள் என்று குடைந்து எடுத்தார். பிறகு ரேடியோவையும் மெக்கானிக்கையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"ரெண்டுக்கும் போறோம். ஆனா உச்சி வெயில்ல பாலைவனத்துக்குப் போற பைத்தியக்காரத்தனம் மட்டும் கிடையாது. பகல் நகரத்துக்கு, சாயங்காலம் மணலுக்கு" என்றார்.

முதல் நாள் உச்சிப் பொழுதில் எல்லோரும் ஏசி போட்ட மாலுக்குள். இருட்டியதும் ராட்டினமும் நீரூற்றும். மறுநாள் நிதானமாக எழுந்து, வெயில் சாய்கிற நேரத்துக்கு மணல்மேட்டின் அடிவாரம். குலுக்கல் தாங்குகிறவர்களுக்கு ஜீப், வயிறு புரட்டுகிறவர்களுக்கு ஒட்டகம், இரண்டும் வேண்டாதவர்களுக்குக் கூடாரத்தில் பாய். சூரியன் மறைந்த பிறகு மெக்கானிக் விரும்புகிற வரைக்கும் மல்லாந்து கிடக்கலாம். பஸ்ஸில் யார் எங்கே என்பதும் முடிவாகிவிட்டது. பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு கண்டக்டர்கள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். ரேடியோ கடைசி சீட்டில். அவருக்குப் பக்கத்தில், இன்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிப்போன மெக்கானிக். இதைவிடப் பொருத்தமான ஜோடியை யாராலும் சேர்க்க முடியாது.

வண்டிக்கு மேனேஜரிடம் போனார்கள். டெப்போ பஸ் ஒன்றைத் தர அவர் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை. இதுவரை வண்டியில் ஒரு கீறல்கூட விழாத டிரைவர்தான் ஓட்ட வேண்டும். சொல்லிவிட்டு அவரே பெயரையும் சொன்னார். ஊமை ஹாரன். எல்லோருக்கும் பரம சந்தோஷம். அண்ணன் ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம் என்றார் ரேடியோ. சார்ட்டம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வழக்கம்போலத் தன் கையாலேயே கணவர் பெயரை எழுதினார்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். முதல் வண்டியை ஓட்டிவிட்டு வந்து தூங்கி எழுந்திருந்த கணவர், சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். மால் பற்றிச் சொன்னதையும், மணலைப் பற்றிச் சொன்னதையும் ரசித்துக் கேட்டார். இரண்டு நாளும் நீங்கதான் ஓட்டணும் என்றதற்கு, சரி என்று தலையை ஆட்டினார். கையிலிருந்த தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்துவிட்டு, பஸ்ஸில் உன் பக்கத்தில் யார் என்று கேட்டார். கேஷியர் அக்கா என்றார் சார்ட்டம்மா.

"நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து எங்கயாவது போயிருக்கோமா?"

இது என்ன கேள்வி, எத்தனை தடவை போயிருக்கிறோம் என்று சார்ட்டம்மா அடுக்க ஆரம்பித்தார். தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனோமே. போனார்கள்; மச்சான் காரை இவர்தான் ஓட்டினார். கடற்கரைக்குப் போனோமே. அதுவும் உண்மை, அந்த வேனை ஓட்டியவரும் இவரே. மகளைக் கல்லூரியில் விடப் போனபோது இவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்காமல் செய்தது யார் என்று சார்ட்டம்மாவுக்குத் தெரியும்.

தப்பு தன்மேல் என்று தெரிந்தால் மனுஷருக்கு முதலில் வருவது கோபம்தான். ஆசை இருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதுதானே, இத்தனை காலம் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்துவிட்டு இப்போது கேட்டால் என்ன அர்த்தம் என்று பொரிந்து தள்ளினார். கணவருக்குக் கோபம் வரவில்லை.

"சார்ட் போடுறது நீ. நான் கேட்டா உனக்குத்தானே சங்கடம்" என்றார். பிறகு அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.

சார்ட்டம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. நியாயஸ்தி என்று ஊர் சொன்ன பெயரை இத்தனை காலம் பெருமையாகச் சுமந்தாரே, அந்தப் பெயருக்காகத் தூக்கத்தை விட்டவர் அவரல்ல. தான் நல்லவர் என்று பேரெடுக்க, பக்கத்தில் படுக்கிற மனுஷர் விடியுமுன் எழுந்து போய்க்கொண்டிருந்தார். இந்த ஒரு பயணத்திலாவது அவர் ஸ்டியரிங் பிடிக்காமல் வர வேண்டும், தனக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வர வேண்டும். வண்டி கிடைக்காமல் சுற்றுலாவே நின்றாலும் சரி, டெப்போ என்ன பேசினாலும் சரி. முடிவெடுத்த பிறகு சார்ட்டம்மா குழம்புகிற ஆள் கிடையாது. அன்றைக்கு நன்றாகவே தூங்கினார்.

காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போய், பஸ்ஸை வேறொருவர் ஓட்ட வேண்டும் என்றார். மேனேஜர் கையை விரித்தார். கீறல் விழாத டிரைவர்கள் என்று வேறு இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் கால் கட்டோடு வீட்டில் கிடந்தார், இன்னொருவர் பிரசவத்துக்குப் போன மனைவியோடு வெளியூரில். உங்கள் வீட்டுக்காரர் ஓட்டவில்லை என்றால் வண்டி கிடையாது என்று முடித்துவிட்டார். பேசும்போதே அவர் பார்வை ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. முற்றத்தில் யாரோ ஒரு பஸ்ஸைக் கோணலாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

மேனேஜரும் ஒரு காலத்தில் டிரைவராக இருந்து மேலே வந்தவர்தான். நாற்காலி உயர்ந்ததே தவிரக் கை அரிப்பு போகவில்லை. கோணலாக நிற்கிற வண்டியைக் கண்டால், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து இறங்கிப் போய்த் தானே ஏறி நேராக நிறுத்துவார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சார்ட்டம்மாவின் அறை ஜன்னலும் அதே முற்றத்தைப் பார்த்ததுதான்.

"இன்னொரு டிரைவர் இருக்காரு சார். லைசென்ஸைக்கூட விடாம புதுப்பிச்சு வச்சிருக்காரு. நீங்கதான்."

மேனேஜர் பதறினார். பதவி என்ன ஆவது, மரியாதை என்ன ஆவது, தான் வருவதாகவே இல்லையே என்றெல்லாம் சொன்னார். சார்ட்டம்மா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அந்தக் கோணல் வண்டியை நேராக நிறுத்த ஆளை அனுப்பட்டுமா, அல்லது சாரே பார்த்துக்கொள்வீர்களா என்று மட்டும் பணிவாகக் கேட்டார். மேனேஜருடைய காது சிவந்தது. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சாவிப் பலகையை நோக்கி எழுந்து போனார்.

இனி மிச்சம் இருந்தது டெப்போவின் வாய். விஷயத்தை வேறு யார் வழியாகவும் சொல்லி அனுப்ப சார்ட்டம்மா விரும்பவில்லை. மத்தியானம் கேன்டீனில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்றார்.

"டூர் வண்டியை மேனேஜர் சார் ஓட்டுறாரு. என் வீட்டுக்காரருக்கு ரெண்டு நாளும் லீவு. நான்தான் போட்டேன். என் வீட்டுக்காரர்ங்கிறதாலதான் போட்டேன். யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேளுங்க."

எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாங்க என்னக்கா கேக்குறது? நாங்க லீவு கேட்டப்பல்லாம் அண்ணன் தலையிலதானே கட்டினீங்க. அது தப்புன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். சொன்னா எங்க லீவு போயிடுமேன்னுதான் சொல்லல."

சார்ட்டம்மாவுக்குச் சுருக்கென்று குத்தியது. யார் பேசிவிடுவார்களோ என்று பயந்து பயந்து கணவரை வாட்டினாரோ, அவர்கள் அத்தனை பேரும் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டு, தங்கள் வசதிக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கேஷியர் அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மெக்கானிக் மட்டும் என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க என்று பக்கத்து ஆளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஊமை ஹாரன் ஒரு மூலையில் டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஆறிப்போன பிறகும் ஊதிக்கொண்டுதான் இருந்தார்.

கிளம்புகிற நாள் வந்தது. மேனேஜர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையே தோற்றுப்போகிற மாதிரி டிரைவர் சீட்டில் ஏறினார். கேஷியர் அக்கா தானாகவே வேறு சீட்டுக்குப் போய்விட்டார். ஊமை ஹாரன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். உட்காரத் தெரியவில்லை, பாவம். முதல் சில நிறுத்தங்கள் வரை வலது கால் தரையைத் தேய்த்தது; கை எங்கே இருப்பது என்று தெரியாமல் அலைந்தது. ஊர் எல்லை தாண்டியதும் மெல்லச் சாய்ந்தார். தினமும் ஓட்டுகிற சாலைதான். ஓரத்தில் இவ்வளவு வீடுகள் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது என்றார்.

சார்ட்டம்மா அதைக் காதில் வாங்கினாரே தவிர மனதில் வாங்கவில்லை. பார்வை பஸ்ஸின் முன்பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. பெருநகரத்துக்குப் பிரிகிற இடத்தில் மேனேஜர் இடது பக்கம் திரும்பாமல் உற்சாகமாக நேரே விட்டார். சார்ட்டம்மா துள்ளி எழுந்தார். நீரூற்றும் மாலும் மணலும் ஒன்றன்பின் ஒன்றாக நேரம் தவறிச் சரிவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. முன்னால் ஓடப் போனவரின் மணிக்கட்டைக் கணவர் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு லீவு போட்டே. உனக்கு?"

தனக்கு லீவு போட வேண்டும் என்பது சார்ட்டம்மாவுக்கு உதித்ததே இல்லை.

"உனக்கு நான் போடுறேன். உக்காரு" என்றார் ஊமை ஹாரன். அவர் மனைவிக்கு இட்ட முதல் உத்தரவு அதுதான்.

அவர் உட்கார்ந்தார். பஸ் தப்பான சாலையில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.