முதல் இரண்டு லிட்டர்

லின்வல் ஃபேஸி நானூறு மீட்டர் தடை தாண்டும் ஓட்டக்காரர். தேசியத் தேர்வுப் பந்தயத்தில் மூன்று வருடம் தொடர்ந்து நாலாவதாக வந்தார். முதல் மூன்று பேருக்குத்தான் வெளிநாட்டுப் போட்டிக்கு விமானம். அவருடைய ஊரான மாண்டெவில்லின் சந்தையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன நாலு, இன்னைக்காவது பஸ்ல முன்னாடி ஏறினியா?" என்பார்கள். "உனக்கு வழி விட்டேன்டா" என்பார் அவர்.

ஓடிய பதினான்கு வருடமும் கஞ்சாப் புகை வந்த பக்கம்கூட அவர் நின்றதில்லை. சிறுநீர்ச் சோதனைக்காரர்கள் எந்தக் காலையிலும் கதவைத் தட்டலாம். கீழே வைத்துவிட்டு முகம் திருப்பிய தண்ணீர் பாட்டிலை மறுபடி வாயில் வைக்க மாட்டார். அப்படிப்பட்டவர், சட்டம் மாறியதும், ஐம்பத்தொரு வயதில் உரிமம் வாங்கி, வேலி அடைத்து, கேமரா மாட்டி, கஞ்சா பயிரிட்டார். முழங்கால் இரண்டும் அதற்குள் தேய்ந்துபோயிருந்தன. "வலிக்கு மருந்து விக்க, வலிச்சவனைவிட யாரு வேணும்?" என்றார்.

மகள் நோர்டியா அலுமினா ஆலையில் பொறியாளராக இருந்தாள். அதை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்தாள். இரண்டு வகை எண்ணெய் வடித்தார்கள். ஒன்று போதை உள்ளது, மருந்துக் கடைகளுக்கு. மற்றது போதை இல்லாதது, ஓட்டக்காரர்களின் தூக்கத்துக்கும் தசைவலிக்கும். இயந்திரம் ஒன்றுதான். முதல் வகையை முடித்து, ஆல்கஹாலால் கழுவி, அடுத்ததை ஓடவிடும்போது முதலில் வரும் இரண்டு லிட்டரை லின்வல் கழிவு டிரம்மில் கொட்டிவிடுவார்.

"எதுக்குப்பா ரெண்டு லிட்டர்? கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். கொட்டவே வேண்டாம்."

"உன் கணக்கு சரியாத்தான் இருக்கும் நோரி. எனக்குத்தான் மனசு கேக்கல."

"மனசை வெச்சு இயந்திரம் ஓட்ட முடியாது."

அவர் விட்டுக்கொடுத்தார். அவள் ஒரு பாட்டிலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். சுத்தம் என்று வந்தது. 'போதைப்பொருள் துளியும் இல்லை' என்று லேபிள் அடித்தாள்.

ஒரு வால்வுக்குப் பக்கத்தில், முனை மூடிய முழ நீளக் கிளைக்குழாய் ஒன்று இருந்தது. அவளுடைய கணக்கில் அது இல்லை. கழுவும் ஆல்கஹால் அதற்குள் புகுந்து வராது. அங்கே தங்கிய போதை எண்ணெய், புதிய எண்ணெயின் முதல் பாட்டில்களில் கலந்தது. அவள் சோதனைக்கு அனுப்பியது கடைசியில் நிரம்பிய பாட்டில். முதல் பெட்டியை லின்வல் எப்போதும் கெடிஷாவுக்கு எடுத்துவைப்பார்.

ஓட்டக்காரி கெடிஷாவுக்குப் பத்து வயதிலிருந்து அவர்தான் பயிற்சி கொடுத்தார். அந்த ஜூனில் அவள் தேர்வுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். சந்தையில் எல்லோருக்கும் சோடா வாங்கிக்கொடுத்தார். மூன்றாவது வாரம் அவளுடைய சிறுநீர்ச் சோதனை முடிவு வந்தது: கஞ்சா இருந்தது, ஓடத் தடை.

நோர்டியா அன்றே குழாயைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு நேராகக் கெடிஷாவின் அம்மா வினெட் வீட்டுக்குப் போனார். "என் தப்புதான். கழுவுறதுல சோம்பல்பட்டுட்டேன்" என்றார். வினெட் தெருவே கேட்கத் திட்டினாள். நோர்டியா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். வாய் திறக்கவில்லை.

செப்டம்பரில், இலை உலர்த்தும் அறையில், லின்வல் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்குக் கெடிஷா வரவில்லை.

கெடிஷாவின் தடை பற்றிய விசாரணைக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. கம்பெனி வழக்கறிஞர் நோர்டியாவிடம் தொலைபேசியில் சொன்னார்: "எண்ணெயில கலந்திருந்ததுன்னு நீங்க எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணுக்குத் தடை குறையும். அப்பா செஞ்சதுன்னு எழுதுங்க. செத்தவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. கம்பெனி தப்பிச்சிடும்." கடிதத்தையும் அவரே அடித்து அனுப்பினார். கையெழுத்துதான் பாக்கி.

அதை வாங்கிப்போக சனிக்கிழமை வினெட் வந்தாள். கையில் தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த கானாங்கெளுத்தி. கெடிஷா காரைவிட்டு இறங்கவில்லை.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு, மிஸ் வினெட்."

"பொய்யி. கன்னம் ஒட்டிக் கெடக்கு. உக்காரு." தட்டைத் தானே தேடி எடுத்தாள். "உங்கப்பனை நான் திட்டாத திட்டு இல்ல. பாவம், தலை குனிஞ்சு கேட்டுட்டுப் போனாரு. நான் மன்னிச்சுட்டேன். அவதான் மாட்டேங்கிறா. சரி, காகிதத்தைக் குடு."

நோர்டியா கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். "இதுல இருக்கிறது பொய். முதல்ல வர்ற ரெண்டு லிட்டரைக் கொட்ட வேண்டாம்னு சொன்னது நான். அப்பா கொட்டணும்னுதான் சொன்னாரு."

வினெட் பாத்திரத்தை மூடினாள்.

"அன்னைக்கு அவரு பின்னாடிதானே நின்னே?"

"ஆமா."

"திருட்டுப் பயலேன்னு நான் கத்தினப்போ?"

"நின்னேன்."

"இதை என்னால அவகிட்ட கொண்டுபோக முடியாது. நீயே போய்ச் சொல்லு."

கார் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. நோர்டியா நின்றபடி சொல்லி முடித்தாள். கெடிஷா முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"எந்தக் குழாய்?"

நோர்டியா அவளை இயந்திர அறைக்குக் கூட்டிப்போய், ஸ்பேனரால் முனையைக் கழற்றினாள். மண்நிறத்தில் ஒரு கரண்டி எண்ணெய் கெட்டியாக வடிந்தது. கெடிஷா தொடவில்லை.

"கோச் ஆறு தடவை போன் பண்ணாரு. நான் எடுக்கல."

"தெரியும். பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்பவும் சொல்லல நீ."

"சொல்லல."

"உன் பேரைப் போட்டு எழுது. உரிமம் போனா போகட்டும்."

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு நோர்டியா கையாலேயே எழுதினாள். ஒன்பது வரி. கெடிஷா இருமுறை படித்து, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவரை எங்க வெச்சிருக்கீங்க?"

"வீட்டுக்குப் பின்னாடி. கல்லறைக்கு அடிச்ச சுண்ணாம்பு இன்னும் காயல. வா, காட்டுறேன்."

"நீ வராதே."

நோர்டியா ஸ்பேனரோடு அங்கேயே நின்றாள்.