வெள்ளாடு என்று வந்த எலும்பு

பிள்ளைகளா, அப்பாவுக்குக் காலேஜில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'எலும்பு கழுவுறாரு' என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறீர்கள். சொல்வது சரிதான். எதற்குக் கழுவுகிறேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய குடியிருப்புகளைத் தோண்டும்போது பானை ஓட்டோடு மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் கிடைக்கும். அந்தக் காலத்து ஆட்கள் எதை வளர்த்தார்கள், எதைத் தின்றார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் தொல்லியல் துறையும் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றும் சேர்ந்து அதைப் படிக்கின்றன. அங்கிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மண்ணில் கிடைத்தது எந்த மிருகத்தின் எலும்பு என்று சொல்ல, இன்றைய மிருகத்தின் எலும்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அவர் ஊர் ஆடு வேறு, நம் ஊர் ஆடு வேறு. அதனால் இங்குள்ள வெள்ளாடு ஒன்றின் எலும்பைக் கேட்டார்.

திருப்பரங்குன்றத்தில் நாம் கறி வாங்கும் கடையிலேயே சொல்லிவைத்து ஓர் ஆட்டின் எலும்பை வாங்கி வந்தேன். தலையும் காலும் ஏற்கெனவே சூப்புக்குப் போயிருந்தன. வேகவைத்து, கழுவி, காயவைத்து, 'வெள்ளாடு' என்று சீட்டு எழுதிக் கடைப் பெயரையும் போட்டோம்.

சில நாள் கழித்து அந்த அம்மா தோள்பட்டை எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செம்மறி போலத் தெரிகிறதே என்று எங்கள் பேராசிரியரிடம் சொன்னார். சீட்டு தப்பென்றால் அதை வைத்து அடையாளம் சொல்வதெல்லாம் தப்பு. பிறகு இங்கும் அவர் நாட்டிலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நேரில் கேட்டுவிடலாம் என்று பேராசிரியர் அந்த அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். அன்று கொடுத்தது வெள்ளாடா செம்மறியா என்று, வகுப்பில் கேட்பதுபோல உரக்கவே கேட்டுவிட்டார். கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"நம்ம கடையில வெள்ளாட்டைத் தவிர வேற என்னைக்கு சார் தொங்கிருக்கு?" என்றார் கடைக்காரர்.

"அப்ப போன வாரம் குழம்புல அம்புட்டுக் கொழுப்பு மிதந்துச்சே, அது எந்த வெள்ளாடுண்ணே?" என்றார் வரிசையில் நின்ற ஓர் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள், கடைக்காரரைத் தவிர. செம்மறி என்று தெரிந்தால் நம் ஊரில் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் எந்தக் கடையில் கேட்டாலும் வெள்ளாடுதான். அந்த அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்த எங்களுக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் போனேன். அன்று கறி வாங்க ஆள் குறைவு. கடைக்காரர் தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"மாப்ள, அன்னைக்கு வெள்ளாட்டு வரத்து இல்ல. அது செம்மறிதான், எழுதிக்க. கடைப் பேரை மட்டும் போட்டுறாத, பொழப்பு போயிரும்."

"எலும்புக்குமா பொய் சொல்வீக, அண்ணே?"

"நீயும் கறி வாங்குற வரிசையிலதான வந்து நின்ன."

அந்த அம்மா புதுச் சீட்டில் 'செம்மறி' என்று எழுதி, ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். வெள்ளாட்டைத் திருவாதவூரில் உயிரோடு பார்த்தே வாங்கினோம். படங்களும் அளவுகளும் அவர் நாட்டுக்குப் போயின. எலும்பு இங்கேதான் இருக்கும், மாணவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு செம்மறிப் பெட்டியை அலமாரியில் வைக்கத் தூக்கினேன். எலும்புக்கு அடியில், அன்று கடையில் கொடுத்த துணிப்பை விரித்திருந்தது. அதில் கடைப் பெயரும், கீழே 'சுத்தமான வெள்ளாட்டுக் கறி' என்றும் அச்சடித்திருந்தது. பையை உருவி எடுத்துவிட்டுப் பழைய பேப்பரை மடித்துப் போட்டு, எலும்புகளைத் திரும்ப அடுக்கி மூடினேன்.