படா பாபுவின் குடை

மூங்கில் கைப்பிடி போட்ட ஒரு கறுப்புக் குடை. எங்கள் இலாகா கால்பந்து அணியின் மூளை அதுதான். அதைப் பிடித்திருந்தவருக்கு மூளை இருந்ததாக நான் சொல்லவில்லை. அவர் எங்கள் ஆபீஸ் தலைமை குமாஸ்தா. தீவு வழக்கப்படி நாங்களும் ‘படா பாபு’ என்றே கூப்பிடுவோம். அணிக்கு மேனேஜரும் அவரே. பந்தைக் காலால் தொட்டவரில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் லீவில் கல்கத்தா போனவரை யாரோ ஒரு மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பும் கப்பலில் வாந்தியெடுத்தது போக மீதி நேரத்தில் ஒரு தத்துவம் தயாரித்துக்கொண்டு எங்கள் தீவின் சாத்தம் ஜெட்டியில் இறங்கினார்.

தத்துவம் இவ்வளவுதான்: பந்து நம்மிடமே இருக்க வேண்டும். பின்னால் நிற்கிற பேக்கிலிருந்து கோல் காக்கும் கோலிக்கு, கோலியிடமிருந்து இன்னொரு பேக்குக்கு, மறுபடி கோலிக்கு. பார்த்துப் பார்த்து எதிரி சலித்துப்போவான், அப்போது பாய வேண்டும். எப்போது என்பதைக் குடை சொல்லும். மூடியிருந்தால் பந்து பின்னால். விரித்தால் எல்லோரும் முன்னால். “குடை விரியறதுக்கு முன்னாடி எவனாச்சும் நடுக்கோட்டத் தாண்டினான், மெயின்லாண்ட் லீவ மறந்துட வேண்டியதுதான்” என்பார். எங்கள் லீவு மனுக்களை மேலே அனுப்புகிறவர் அவர். அதனால் எங்களுக்கும் தத்துவம் பிடித்துப்போயிற்று.

நான் வலது பேக். திறமை பார்த்து எடுத்ததாக நினைக்க வேண்டாம். இருந்த பூட்ஸ் என் காலுக்குச் சேர்ந்தது. முன்னால் போகத் தெரியாதவனுக்கு அந்த அணியைப்போல ஒரு சொர்க்கம் கிடையாது. பந்து வந்தால் திரும்பி நின்று கோலிக்குத் தட்டிவிடுவேன். “ஷாபாஷ்!” என்பார் படா பாபு. ஊரிலேயே என்னைப் பாராட்டிய ஒரே மனிதர் அவர். அதிலிருந்தே அவருடைய ஆட்ட ஞானத்தை அளந்துகொள்ளலாம்.

அந்த சீசன் முழுக்கக் குடை விரியவே இல்லை. வெயிலில் வழுக்கை கொதிக்க நின்றார், மழையில் சொட்டச் சொட்ட நின்றார், விரிக்கவில்லை. மின்னி பே மைதானத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எங்களைவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். “பாபுஜி, குடைல ஓட்டையா?” என்பான் ஒருவன். “அரே பாய், திரும்பி உக்காந்து கடலப் பாருடா. அதாச்சும் முன்னால வருது” என்பான் இன்னொருவன். எங்களுக்குக் கோல் விழுவதில்லை, நாங்கள் போடுவதுமில்லை. டாஸ் போட்டுப் போட்டே ஃபைனலுக்கு வந்து சேர்ந்தோம்.

ஃபைனல், சௌல்தாரி கிராமத்து விவசாயப் பையன்களோடு. அன்று எங்கள் இலாகாவின் தலைமை அதிகாரி, பெரிய சாப், வந்து கோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்குமுன் எங்கள் எதிரிலேயே கேட்டார்: “படா பாபு, கோல் கிதர் ஹை? கோல் நஹீன், தோ அகலா ஜஹாஜ். கார் நிக்கோபார்.” கோல் இல்லையென்றால் அடுத்த கப்பலில் மாற்றல். படா பாபு சிரித்தார். குடையைப் பிடித்த கை மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதும் விரித்தாரா? பந்து எனக்கும் கோலிக்கும் நடுவில் ஆபீஸ் ஃபைல்போல போய்ப் போய் வந்தது. “அடேய், இத இன்னொரு தடவ என்கிட்ட அனுப்புன, வாங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்” என்றான் கோலி. ஆட்டம் முடியும் தறுவாயில், கடல் பக்கமிருந்து மழை ஒரேயடியாக இறங்கியது. தான் நனைவதைப்பற்றி படா பாபுவுக்குக் கவலையில்லை. ஆனால் பெரிய சாப் நனையலாமா? கார் நிக்கோபார் கப்பலின் சாவியே அந்தத் தலையில்தானே இருந்தது? ஓடிப்போய் அவர் தலைக்குமேல் குடையை விரித்துப் பிடித்தார்.

“விரிஞ்சிடுச்சுடா!” என்று கத்தினான் கோலி. கோலை அம்போவென்று விட்டுவிட்டு அவனும் ஓடினான். பதினொரு பேரும் ஓடினோம். பின்னாலிருந்து படா பாபு “நஹீன்! நஹீன்! பின்னால போங்கடா!” என்று அலறியது மழையில் பாதிதான் கேட்டது. சௌல்தாரிப் பையன்கள் வாய்பிளந்து நின்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எதிரியின் கோலைக் கிட்டத்தில் பார்த்த நான், பழக்கதோஷத்தில் திரும்பி நின்றேன். யாரோ உதைத்த பந்து என் முதுகில் பட்டு உள்ளே போனது.

“வாஹ்! கியா திமாக்!” என்று படா பாபுவின் மூளையை மெச்சிக்கொண்டே எழுந்துவிட்டார் பெரிய சாப். படா பாபு ஒரு கணம் விழித்தார். ஒரே கணம்தான். “மைதானம் நனையறதுக்குத்தான், சாப், காத்துக்கிட்டிருந்தேன்” என்று தன் ஓட்டை இந்தியில் சொல்லிவிட்டு, குடையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தார்.

மாற்றல் ரத்து. ரிட்டயராகிக் கப்பலேறும்வரை அவரே மேனேஜர். அத்தனை வருஷமும் பந்து பின்னாலேயே போயிற்று. எல்லாம் என் முதுகின் புண்ணியம்.

இப்போது அந்தக் குடை ஆபீஸ் கண்ணாடி அலமாரியில், அன்று ஜெயித்த கோப்பைக்குப் பக்கத்தில், மூடியபடி இருக்கிறது. போன வாரம் புது டைப்பிஸ்ட் ஒருவர், “அண்ணே, இத வெச்சு மேட்ச்சே ஜெயிச்சாராமே, எப்படி?” என்று பயபக்தியோடு கேட்டார்.

“பெரிய சாப் தல நனையாமப் பாத்துக்கிட்டாரு” என்றேன்.

உள்ளதைத்தான் சொன்னேன். அவரோ ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.