எங்கள் மாடு தவிடு தின்னாது

எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் தவிட்டுக்குத்தான் வாங்கியிருந்தார்கள். அடம் பிடித்தாலும் சோற்றைச் சிந்தினாலும், "உன்னயத் தவுட்டுக்கு வாங்குனேன், அதான் இப்புடி இருக்கற" என்று பெற்றவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள். எதிர்வீட்டுப் பையனை வாரத்துக்கு இரண்டு முறையாவது வாங்குவார்கள்.

எனக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. நான் ஒன்றும் சாது இல்லை. பால் குண்டானைக் கவிழ்த்திருக்கிறேன், அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அம்மா திட்டுவாள், முதுகில் ஒன்று வைப்பாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லமாட்டாள். சொல்ல வைக்கவேண்டும் என்றே சில நாள் வம்பு செய்தேன், அடி வாங்கியதுதான் மிச்சம்.

அரூரில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பால்மாடு இருக்கும். அதற்குப் பருத்திக்கொட்டை உண்டு, புண்ணாக்கு உண்டு. தவிடு கிடையாது. ஏன் என்று கேட்டால், "நம்ம மாடு தின்னாது" என்பாள் அம்மா. வைத்துப் பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டால் புண்ணாக்கை ஊறவைக்கப் போய்விடுவாள்.

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்கும் புத்தி. அதையே பிழைப்பாக்கிக்கொள்ளலாம் என்று லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தேன். முதல் வருட லீவில் வீட்டுக்கு வந்து, அகப்பட்ட விரலையெல்லாம் குத்தி ரத்த வகை பார்த்தேன். அப்பா ஓ. அம்மாவும் ஓ. நான் பி. நம்பாமல் மறுபடி குத்தப் போனபோது அப்பா, "என்னத்துக்கு, ரத்தத்துல கஞ்சி காச்சப் போறியா?" என்று கையை இழுத்துக்கொண்டார். இரண்டு ஓ-வுக்கு ஒரு பி பிறக்காது என்று முந்தின மாதம்தான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருந்தேன்.

மாலையில் அம்மா பால் கறந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கறப்பதை நிறுத்தவில்லை.

"ஆமா. பென்னாகரத்துப் பக்கம். கைக்கொழந்தையா இருக்கையில தூக்கியாந்தோம். தத்துப் பத்திரம் பீரோவுல இருக்குது" என்றாள். பிறகு மாட்டின் வயிற்றைப் பார்த்தபடியே கேட்டாள்: "போயிருவியா?"

எனக்கு அழுகை வந்தது. போகமாட்டேன் என்று சொல்லி அவள் முதுகைக் கட்டிக்கொண்டேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அதன் பிறகு பதினைந்து வருடம் நான் எதையும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் கணவரைக் கேட்டால் தெரியும்.

என் மகளுக்கு மூன்று வயதானபோது காது குத்த நாள் குறித்தோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். நான் ஒரே பெண். அப்பாவும் காலமாகிவிட்டார். பெரியப்பா மகனைக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தபோது வாய் தவறிக் கேட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"ஒரு அண்ணன். பென்னாகரத்துல மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கான். பெத்தவங்க ரெண்டு பேருமே இப்ப இல்ல."

கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் என்பது வரைக்கும் சொன்னாள். இத்தனை வருடமும் ஆளை விசாரித்து வைத்திருக்கிறாள்! "உரிமைப்பட்டவன் இருக்கையில வேற ஆளு எதுக்கு? போய்க் கூப்புடு" என்றாள். நியாயமாகப் பேசிய அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் போனேன். நேராகச் சொல்லத் தைரியம் வராமல், வாடிக்கைக்காரி மாதிரி இரண்டு கிலோ கடலைப் புண்ணாக்கு கேட்டேன். அவர் நிறுக்கும்போது தலை முதல் கால் வரை பார்த்தேன். காதுமடல் என்னுடையதுதான். கால் கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளம், அதுவும் என்னுடையதுதான். தீவனத் தூசிக்கு அவர் வரிசையாக மூன்று தும்மல் போட்டார். நானும் மூன்றுதான் போடுவேன்.

"மாடு வெச்சிருக்கீங்களா? தவுடு வேணாங்களா?" என்றார்.

"எங்க மாடு தின்னாதுங்க."

"தவுடு தின்னாத மாடா? எந்த ஊருங்க அது?"

"அரூர்."

அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். என் முகத்தையே பார்த்தார். "ஏம்மா, நீயா?" என்றார்.

அதற்கப்புறம் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. பெற்ற அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா, அப்பா எதனால் இறந்தார், யாருக்குச் சுருட்டை முடி. "பாக்க வந்தியா, டெஸ்ட் எடுக்க வந்தியா?" என்று சிரித்தார். அழவும் செய்தார். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள் ஆறு மாதம் தாண்டவில்லை. மூன்றாவதும் இந்த வீட்டில் இருந்தால் தங்காது என்று பயந்துபோய்த்தான் என்னைக் கொடுத்தார்கள் என்றார். அப்போது அவருக்கு ஏழு வயது. சுருட்டை முடி பெற்றவளுக்கு.

காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன், அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறேன் என்று கடை லோடு ஏற்றும் குட்டியானை வண்டியிலேயே வந்தார். அம்மா வாசலில் நின்று, "வாங்க தம்பி" என்றாள். எல்லாம் சரியாகத்தான் போனது. அண்ணன் வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

"என்ன அது?" என்றாள் அம்மா.

"தவுடுங்கம்மா. நல்ல மில்லுத் தவுடு. உங்க மாடு தின்னுதா இல்லியான்னு நான் பாத்துடறேன்."

அம்மா அலறியதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "எறக்காதீங்க! எங்க வாசல்ல அத எறக்காதீங்க!" என்று இரண்டு கையையும் விரித்து நிலைப்படியை மறித்துக்கொண்டாள். தெருவே எட்டிப் பார்த்தது. அண்ணன் மூட்டையோடு விறைத்து நின்றார்.

உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்த பிறகுதான் விஷயம் வந்தது. என்னை நிஜமாகவே தவிட்டுக்குத்தான் வாங்கியிருந்தார்கள். பிள்ளை தங்காத வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. விற்றுவிட்டால் அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, சாவு தேடி வராது என்று நம்பிக்கை. அம்மா ஒரு படி தவிடு அளந்து என்னைப் பெற்றவளின் முறத்தில் போட்டுவிட்டு என்னை வாங்கிக்கொண்டாள். தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். பீரோவில் பத்திரம் இருந்தும், முப்பத்து நான்கு வருடமாக அந்த ஒரு படிக்குத்தான் அவள் பயந்திருக்கிறாள்.

"ஒரு படி குடுத்தேன். மூட்டையாவே கொண்டாந்துட்டான்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அந்த நெனப்பே இல்லீங்கம்மா. கடையில இருக்கறது அதுதான், அதான் கொண்டாந்தேன்" என்றார். மூட்டை எங்கள் வாசலில் இறங்கவே இல்லை, மறுபடி வண்டியேறிப் பென்னாகரத்துக்கே திரும்பிப் போனது.

காதுகுத்து அன்று என் மகள் அண்ணன் மடியில் உட்கார்ந்து, ஊசியைப் பார்த்ததும் கோயிலே அதிரக் கத்தினாள். என் மாமியார் பக்கத்துப் பெரியம்மா ஒருவர், "தாய்மாமன் யாருங்க? இதுக்கு முன்ன பாத்ததே இல்லியே" என்று அம்மாவைக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இவளோட அண்ணன்தாங்க. நான் இவளத் தவுட்டுக்கு வாங்குனப்ப, மொறத்தப் புடிச்சுக்கிட்டு நின்னது இவன்தான்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். முப்பத்து நான்கு வயதில், அந்த வார்த்தையைக் கேட்டு, எங்கள் தெருப் பிள்ளைகளைப் போலவே நான் அழுதேன்.