கைப்பிடியை விடாத கை

“கைய எடும்மா, படத்துல உன் கை வுழுது” என்றாள் மகள். இணையத்தில் விற்பதற்காக எவர்சில்வர் டம்ளரை ஜன்னலோரம் வைத்துக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கீழே விழுந்துவிடுமோ என்று நான் அதைப் பிடித்திருந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருஷம், நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் ஊரான செலியமேட்டுக்குக் கேமராவோடு ஒருவர் வந்தார். ஆட்கள் வேண்டாம், வீட்டில் புழங்கும் சாமான்களைத்தான் படமெடுக்க வேண்டும் என்றார். யார் நம்புவார்கள்? தீர்வை கட்டாத சீமைச் சாமான்களை மோப்பம் பிடிக்க வந்த சுங்கக்காரன் என்று தெருவே முடிவு கட்டியது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருந்த, நீல விளிம்பு வைத்த எனாமல் குவளைகள் வைக்கோல் போருக்குள் போயின. நான் அதில் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்ததால் எங்களுடையது மட்டும் மாட்டிக்கொண்டது.

“மனுசாள வுட்டுட்டு குவளைய இன்னாத்துக்குப்பா புடிக்கிற?” என்றாள் அம்மா.

“அழகா இருக்குதும்மா.”

“விளிம்பெல்லாம் பேந்து கெடக்குது. இதுல இன்னா அழகக் கண்ட?”

அவர் குவளையை வாசல் வெயிலில் மணைமேல் வைத்தார். தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று அம்மா அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை. கடைசியில் கையோடு சேர்த்தே படமெடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்துப் படம் தபாலில் வந்தது.

“இத்த வச்சிதான்டி நம்ம மேல கேசு போடுவான்” என்று அம்மா அடுப்பில் போடப் போனாள். நான் பிடுங்கி ஒளித்து வைத்தேன்.

அம்மாவுக்கு வேறு படமே இல்லை. அவள் எப்படி இருந்தாள் என்று கேட்பவர்களுக்கு ஒரு குவளையையும் நான்கு விரல்களையும்தான் காட்டுகிறேன்.

“கைய எடும்மா” என்றாள் மகள் மறுபடியும்.

“இப்படியே எடு” என்றேன்.