சப்-ஜானர் கட்டத்தில் மாட்டிக்கொண்ட கொலை

இன்று புத்தூர் நெட் சென்டரில். நாவல் போட்டிக்கு மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. நான் போய் உட்காரும்போதே நாலு நாற்பது.

விண்ணப்பத்தில் கதை வகையைக் கேட்கும் 'ஜானர்' என்ற கட்டத்தில் 'கிரைம்' என்று தட்டிய கடைக்கார அண்ணன், அடுத்து 'சப்-ஜானர்' வந்ததும் கையை நீட்டினார்.

"சர்டிபிகேட் எட்தாந்தியாம்மா? உட்பிரிவு கேக்குது."

நாள் முழுக்க சாதிச் சான்றிதழுக்கே விண்ணப்பம் போடுகிறவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

"அது இல்லண்ணா. கிரைம் கதைக்குள்ளயே எந்த வகைன்னு கேக்கறாங்க. போலீஸ் துப்பறியறது ஒரு வகை, கோர்ட்டுல நடக்கறது இன்னொரு வகை."

"உன்னுது எது?"

இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியவளுக்கே தெரியவில்லை.

"பவர்லூம் ஷெட்டுல ஒரு கொலைண்ணா. யாரு செஞ்சாங்கன்னு தெரு முழுக்கத் தெரியும். தெரிஞ்சிகினே யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"அப்ப அதர்ஸ்தான்" என்று தட்டி அனுப்பியே விட்டார். மணி நாலு ஐம்பத்தெட்டு.

இனி மாற்ற முடியாதாம். 'அதர்ஸ்' குவியலை யாராவது பிரித்துப் படிப்பார்களா? வீட்டுக்கு வந்ததும் இந்தப் பதிவைப் போடுகிறேன்.

இந்த வகைக்கு ஒரு பெயர் இருக்கும். தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். அந்தத் தெருக்காரர்கள் மாதிரி தெரிந்தும் சும்மா இருந்துவிடாதீர்கள்.