இரும்புக்குக் கை தைத்த மங்கை அத்தை

மங்கை அத்தையைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இறந்தவர்களைப் பற்றிக் கூட்டிச் சொல்வது வழக்கம். அத்தைக்கு அது பிடிக்காது. அரை இன்ச் கூட்டினாலும் சட்டை தொளதொளத்துவிடும் என்பார். அதனால் அவர் கோபக்காரர் என்பதையும், நல்ல குழாய் ஒன்றை வீணாக்கினார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை வகுப்பில் வேதியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. அலுவலக உதவியாளர் வந்து என் பெயரைச் சொல்லி அழைத்தார். பள்ளி வாசலில் காதர் அண்ணன் நின்றிருந்தார். எங்கள் தெருமுனையில் கேட், ஜன்னல் கம்பி எல்லாம் வெல்டிங் செய்பவர். 

"அக்கா மிஷின் மேலயே சாஞ்சிட்டாங்கம்மா" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். அத்தைக்கு வயது நாற்பத்து நான்கு.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மங்கை அத்தை என் நைனாவின், அதாவது அப்பாவின், தங்கை. செஞ்சி கடைத்தெருவில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தையல் கடை வைத்திருந்தார். என் வகுப்பில் பாதிப் பேரின் சீருடை அவர் தைத்தது. இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. மோட்டார் வைத்த தையல் மிஷினின் மிதிகட்டையை மேசைமேல் வைத்து, முழங்கையால் அமுக்கித் தைப்பார்.

காலையில் நைனா அத்தையைத் தூக்கி மொபெட்டில் உட்காரவைத்துக் கடைக்குக் கொண்டுபோவார். கடை வாசலில் மறுபடி தூக்கி இறக்குவார். அந்த நேரத்தில் அத்தை யார் முகத்தையும் பார்க்கமாட்டார். எதிரே மலைமேல் தெரியும் ராஜகிரிக் கோட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்கு வருடங்களுக்கு முன் நைனாவுக்குத் திண்டிவனத்தில் டிரைவர் வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதியிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பியாக வேண்டும். வீட்டில் ஒரு பழைய மூன்று சக்கர வண்டி இருந்தது. கையால் சுற்றி ஓட்டுவது. அதுவும் முன்பே நடுரோட்டில் சட்டம் முறிந்து அத்தையைக் கீழே தள்ளிவிட்டிருந்தது.

"கடைய வுட்டுடு மங்கை. வூட்லயே தைக்கலாம்" என்றார் நைனா.

"வூடு தேடி வந்து யாருண்ணா அளவு குடுப்பாங்க? கடையில இருந்தாதான் நான் டெய்லரு. வூட்ல இருந்தா கிழிசல் தைக்கிறவ."

"அப்ப இன்னா பண்ணப்போற? பறந்து போவியா?"

"வண்டி செய்யப்போறேன்."

நைனா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஒன்றாம் தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் முழுவதும் முறிந்த சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். ஒரு உருண்டைக் குழாயின் பக்கவாட்டில் இன்னொரு குழாயின் முனை வந்து சேரும் இடத்தில்தான் அது முறிந்திருந்தது. முனையை நேராக வெட்டி வைத்திருந்தார்கள். உருண்டையின்மேல் நேர்வெட்டு உட்காருமா? இரண்டு இடத்தில்தான் தொட்டிருந்தது. மிச்சச் சந்துகளையெல்லாம் வெல்டிங்கால் நிரப்பியிருந்தார்கள்.

"அதுல இன்னாக்கா? சந்து இருந்தா நான் ரொப்பிடறேன்" என்றார் காதர் அண்ணன்.

"நீ ரொப்புவ. நான் வுழுவேன். சட்டையில கை வெக்கிற எடத்தப் பாரு காதரு. கைத்துணிய நேரா வெட்டி வெச்சா தோள்ல உக்காருமா? வளைவா வெட்டணும். இதுக்கும் அப்படித்தான் வாய் வெட்டணும்."

எதைக்கொண்டு வெட்டுவது என்பதில்தான் பாதி நாட்கள் போயின. முதலில் காதர் அண்ணனின் கட்டிங் மிஷினை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டார். ஆனால் காதர் அண்ணன் குழாயை ஒரு காலால் மிதித்துக்கொண்டு நின்று வெட்டுகிறவர். உட்கார்ந்தபடி வெட்டினால் மிஷின் உதறியது. இரண்டாவது தடவை குழாயிலிருந்து வழுக்கி அத்தையின் புடவைத் தலைப்பைக் கிழித்தது. உடனே நிறுத்தினார். "இது நிக்கிறவங்க சாமான்" என்று துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு நான் போனில் ஒரு வீடியோ காட்டினேன். கிண்ணத்தின் விளிம்பில் பல் வைத்தது போன்ற வட்ட ரம்பத்தை டிரில் மிஷினில் மாட்டி, குழாயை ஒரு தாங்கியில் இறுக்கி வெட்டுகிறார்கள். வாய் அச்சடித்தது போல் விழுகிறது. நான் துள்ளினேன். அத்தை அதை நான்கு முறை பார்த்தார். ஐந்தாவது முறை, ரம்பம் சிக்கிக்கொண்டு அந்த ஆளின் கை வெடுக்கென்று திரும்பிய இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"பாத்தியா? மணிக்கட்டு போச்சுன்னா எனக்கு இன்னா இருக்குது? பெரிய மிஷினா தரையில நட்டு வெச்சிருந்தா நல்ல சாமான்தான். கையில புடிக்கிறதுக்கு வேணாம்."

கடைசியில் கடைத்தெரு இரும்புக் கடைக்குப் போனோம். அத்தை மொபெட்டிலிருந்து இறங்கவில்லை. முதலாளி வாசலுக்கே வந்தார்.

"அரம் குடுங்க முதலாளி."

அவர் எலிவால் போன்ற மெல்லிய உருண்டை அரத்தைக் கொண்டுவந்தார். அத்தை பையிலிருந்து துண்டுக் குழாய் ஒன்றை எடுத்து அதன்மேல் அரத்தை வைத்துப் பார்த்தார். "இது ராவுனா பள்ளம் பள்ளமா வுழும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு, அந்த மாதிரி இருக்குதா?"

ஒவ்வொன்றாக ஏழு அரம் வந்தது. "ஜாக்கெட்டுக்கு மேட்சிங் பாக்குறியாம்மா?" என்றார் முதலாளி.

"ஆமா. உங்க கடையில லைனிங் துணியும் இருக்குதா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். குழாயின் வட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய வட்டமுள்ள அரைவட்ட அரமாகப் பார்த்து எடுத்தார் அத்தை. வட்டம் பெரிதான அரம் வெட்டிய வாய்க்குள் இறங்காது, சிறிதானால் நகர்த்தி நகர்த்தி ராவிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கூடவே ஒரு கை ரம்பமும், குழாயை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸும் வாங்கினார். வைஸை உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நேராக வரும் உயரத்தில், வீட்டுப் பின்கொட்டகையில் ஒரு தாழ்வான பலகையில் பூட்டச் செய்தார்.

பிரவுன் பேப்பரில் வளைவு வரைந்து வெட்டிக் குழாயின்மேல் சுற்றுவார். கோடு போட்டு, ரம்பத்தால் இரண்டு சாய்வு வெட்டு வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவுவார். ஒரு வாய்க்கு முக்கால் மணி நேரம் ஆனது. கரண்ட் போனாலும் வேலை நிற்கவில்லை.

இனி அந்தத் தவறு. இருக்கைக்குக் கீழே வரவேண்டிய நீளக் குழாயின் இரண்டு முனைகளிலும் வாய் வெட்டினார். இரண்டும் அழகாக இருந்தன. சட்டத்தில் வைத்தால் ஒரு முனை உட்கார்ந்தது, மறுமுனை வேறு திசையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இரண்டு வாயும் ஒரே நேரில் இல்லை.

காதர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "திருகிக்கிச்சுக்கா."

அத்தை அரத்தைத் தூக்கி எறிந்தார். பக்கெட்டில் பட்டு அது உடைந்தது. பக்கெட் உடைந்தது, அரம் அல்ல. என்னை வெளியே போகச் சொன்னார். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏ கயலு, இங்க வாடி. இத்தன வருசத்துல ஒரு சட்டைக்கு ரெண்டு இடது கை தெச்சதில்ல. இரும்புல தெச்சிட்டேன் பாரு!"

துணியை வெட்டுமுன் நூல் ஓடும் திசையைப் பார்ப்பார்கள். குழாய்க்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கண்டுகொண்டார். அதன்பின் ஒவ்வொரு குழாயிலும் முனையிலிருந்து முனைவரை ஒரே நேர்கோடு கீறிவிட்டு, இரண்டு பேப்பரையும் அந்தக் கோட்டில் சேர்த்துத்தான் சுற்றினார். பிறகு ஒரு குழாயும் வீணாகவில்லை. ஒவ்வொரு சேர்க்கையிலும் காதர் அண்ணன் பஸ் டிக்கெட்டைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. "ரொப்ப எடமே வெக்கலியேக்கா" என்று குறைப்பட்டுக்கொண்டே வெல்டிங் வைத்தார். சக்கரமும் செயினும் பழைய வண்டியிலிருந்து வந்தன.

ஒன்றாம் தேதி அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. நைனா விடியலிலேயே போய்விட்டார். போகுமுன் என்னை எழுப்பி, "சைக்கிள்ல பின்னாலயே போ. தெரியாம போ" என்றார். பஸ் நிலையத்து மேட்டில் இரண்டு பேர் தள்ள வந்தார்கள். அத்தை வேண்டாம் என்று கையசைத்துவிட்டு மூச்சு வாங்க வாங்கச் சுற்றினார். மேட்டின் உச்சியில் நின்று, திரும்பாமலே கத்தினார்: "கயலு, உன் சைக்கிள் பெடல்ல எண்ணெய் போடு. கீச்சு கீச்சுன்னு தெருவுக்கே கேக்குது!"

அன்றிலிருந்து நான்கு வருடங்கள் அத்தை தானே கடைக்குப் போனார். தானே திரும்பினார். கைகளை ஊன்றித் தானே ஏறி இறங்கினார். பேருந்து நின்று வழிவிட்டதையும் பார்த்திருக்கிறேன், பேருந்தை நிறுத்தி டிரைவரைத் திட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அத்தையை நான்கு பேர் தூக்கினார்கள். முன்னால் நைனா. அத்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி கடை வாசலிலேயே நின்றிருந்தது. நேற்று மாலை அதை எடுத்துவரப் போனோம். காதர் அண்ணன் மினி வேன் கொண்டுவந்திருந்தார். "ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஏத்திடலாம்ணா."

"தூக்க வேணாம் காதரு" என்றார் நைனா. பிறகு அவரே ஏறி உட்கார்ந்தார். அத்தையின் அளவுக்குச் செய்த வண்டி, நைனாவின் முழங்கால்கள் இடித்தன. கடைத்தெரு பார்த்துக்கொண்டிருக்க, கையால் சுற்றிக்கொண்டே போனார். மேட்டில் மூன்று தடவை நின்றார். கொட்டகைக்குள் வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"ஒரு நாளு கூடக் கை வலிக்குதுன்னு சொன்னதில்லயே" என்றார். வெகுநேரம் இறங்கவில்லை.

போய் வாருங்கள், அத்தை. நைனா இறங்கிய பிறகு, கொட்டகை விளக்கை அணைத்தோம்.